தானாக நகர்ந்த அம்புக்குறி

எங்கள் பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரு பிற்பகல். எட்டாம் வகுப்பு மாணவி கையை எடுத்துவிட்டாள். ஆனாலும் திரையில் இருந்த அம்புக்குறி வலப்பக்கமாக மெல்ல ஊர்ந்துகொண்டே இருந்தது.

“டீச்சர், நான் தொடவே இல்ல. அதுவா போகுது” என்றாள்.

அந்த மாணவிக்கு மூளை முடக்குவாதம். விரல்களால் மவுஸைப் பிடித்து நகர்த்த முடியாது. வலது கட்டைவிரலை மட்டும் சிறிது தூரம் தள்ளவும் இழுக்கவும் முடியும். வட்டார வள மையத்திலிருந்து வாரந்தோறும் வரும் சிறப்பாசிரியர்தான் அந்த யோசனையைச் சொன்னார்: “மவுஸுக்குப் பதிலாக வீடியோ கேம் கன்ட்ரோலரைக் கொடுத்துப் பார்க்கலாமே?” கணித ஆசிரியர் தம் மகன் விளையாடி ஒதுக்கிய யு.எஸ்.பி. கன்ட்ரோலர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கன்ட்ரோலரின் குச்சியை மவுஸாக மாற்றித் தரும் ‘ஆன்டிமைக்ரோ எக்ஸ்’ என்ற கட்டணமில்லா மென்பொருளைக் கணினியில் நிறுவினோம். முதல் வாரத்திலேயே அவள் தானாகக் கோப்பைத் திறந்தாள், படம் வரைந்தாள், வினாடி வினாவுக்கு விடையைத் தேர்ந்தெடுத்தாள். அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை அவள்.

மூன்றாம் மாதம் அந்த அம்புக்குறி தானாக நகரத் தொடங்கியது. விடையைத் தேர்ந்தெடுக்கப் போகும் நேரத்தில் நழுவி அடுத்த விடைக்குப் போய்விடும். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள், “நான் பாத்துக்கிட்டே இருக்கேன் டீச்சர்” என்று சொல்லிப் பழைய இடத்திலேயே போய் அமர்ந்துகொண்டாள்.

மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தயாராகும் கன்ட்ரோலர்கள் உலகச் சந்தையில் உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2018 இலும் சோனி நிறுவனம் 2023 இலும் அத்தகைய சாதனங்களை வெளியிட்டன. ஆனால் அவை எங்கள் கைக்கு எட்டும் விலையில் இல்லை. ஆகவே இருப்பதைப் பழுதுபார்ப்பது என்று முடிவு செய்தேன். நான் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். மின்னணுப் பொறியாளர் அல்ல. ஓர் உதிரிபாகத்தைத் தேடிப்போன வழியில் நான் கற்றுக்கொண்டதை ஆசிரிய நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

குச்சிக்குள் என்ன இருக்கிறது?

கன்ட்ரோலரின் அடியில் உள்ள திருகுகளைக் கழற்றி, பத்தாம் வகுப்பு மாணவர்கள் நால்வருடன் சேர்ந்து உள்ளே பார்த்தோம். ஒவ்வொரு படியிலும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டோம். எந்தத் திருகு எங்கிருந்து வந்தது என்பது மறந்துபோனால் திரும்பப் பூட்டும்போது தவிக்க வேண்டியிருக்கும்.

குச்சியின் அடியில் தீப்பெட்டியில் பாதி அளவுள்ள ஓர் உலோகச் சட்டம். அதன் இரண்டு பக்கங்களில் இரண்டு சிறிய பிளாஸ்டிக் பெட்டிகள். ஒன்று இட-வல அசைவுக்கு, மற்றொன்று மேல்-கீழ் அசைவுக்கு. ஒவ்வொன்றும் ஒரு மாறு மின்தடை. கடைக்காரர்கள் மொழியில் ‘பாட்’. பொட்டென்ஷியோமீட்டர் என்பதன் சுருக்கம். வானொலியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகி இருக்கிறதே, அதன் தம்பி என்று மாணவர்களிடம் சொன்னேன்.

உள்ளே வளைந்த கார்பன் தடம் ஒன்று இருக்கும். தடத்தின் இரு முனைகளுக்கு இரண்டு கால்கள். குச்சியோடு சேர்ந்து தடத்தின் மேல் தேய்த்துக்கொண்டு நகரும் தொடுமுனைக்கு நடுக்கால். ஆக மூன்று கால்கள். முனைக்கால்கள் இரண்டுக்கும் இடையில் 3.3 வோல்ட் கொடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். குச்சி நடுவில் நின்றால் நடுக்காலில் பாதி, அதாவது 1.65 வோல்ட் கிடைக்கும். ஒரு பக்கம் சாய்த்தால் கூடும். மறுபக்கம் சாய்த்தால் குறையும். கன்ட்ரோலரில் உள்ள சில்லு இந்த மின்னழுத்தத்தை 0 முதல் 255 வரையான ஓர் எண்ணாக மாற்றிக் கணினிக்கு அனுப்புகிறது. நடுநிலை என்றால் ஏறத்தாழ 128.

தொடுமுனை நாள்தோறும் தேய்ப்பதால் கார்பன் தடம் தேய்கிறது, தூளும் சேர்கிறது. குச்சி நடுவில் நின்றாலும் பாதி மின்னழுத்தம் வருவதில்லை. கணினி அதை ‘குச்சி சாய்ந்திருக்கிறது’ என்றே புரிந்துகொள்கிறது. அம்புக்குறி நகர்வதன் காரணம் இதுதான்.

அளந்து பார்த்தோம்

யு.எஸ்.பி. கம்பியைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்தோம். முனைக்கால்கள் இரண்டுக்கும் இடையில் 9.8 கிலோ ஓம். நடுக்காலிலிருந்து ஒரு முனைக்கு 4.9 வர வேண்டும், 5.5 வந்தது. குச்சியை அசைத்துவிட்டு மீண்டும் அளந்தால் வேறோர் எண். மெதுவாகச் சாய்க்கும்போது அளவு சீராக ஏறாமல் இடையிடையே குதித்தது.

அங்கேயே கரும்பலகையில் கணக்குப் போட்டோம். 5.5 ஐ 9.8 ஆல் வகுத்தால் 0.56. அதை 255 ஆல் பெருக்கினால் 143. இருக்க வேண்டியது 128. “பதினைந்து கூடுதல் டீச்சர், அதான் வலப்பக்கம் போகுது” என்றான் ஒரு மாணவன். ஓம் விதிப் பாடத்தில் இந்த ஆண்டு எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த விடை அதுதான்.

ஒரு செய்தியை இங்கே குறிப்பிட வேண்டும். பலகையில் பற்றவைத்த நிலையிலேயே அளக்கும்போது அருகில் உள்ள பிற பாகங்களும் அளவை மாற்றக்கூடும். ஆகவே பழுதான பெட்டியை மட்டும் அளந்து முடிவுக்கு வராமல், நன்றாக இயங்கும் மற்றொரு பெட்டியையும் அளந்து ஒப்பிட வேண்டும். எங்கள் கன்ட்ரோலரில் இடப்பக்கக் குச்சி நன்றாக இருந்தது. அதுவே எங்களுக்கு அளவுகோல்.

செலவில்லாத வழியும் அதன் குறையும்

மென்பொருளில் ‘செயலற்ற எல்லை’யைக் கூட்டுவது முதல் வழி. 128 க்கு இருபுறமும் இருபது வரையான மாற்றத்தைக் கண்டுகொள்ளாதே என்று கணினிக்குச் சொல்வது. செய்தோம். அம்புக்குறி நின்றது. மகிழ்ச்சியோடு மாணவியை அழைத்தோம். தள்ளினாள்; அம்புக்குறி அசையவில்லை. மீண்டும் தள்ளினாள், சற்றே அசைந்து நின்றது.

அவளுடைய கட்டைவிரல் தள்ளக்கூடிய தூரமே சிறிது. நாங்கள் ‘கண்டுகொள்ளாதே’ என்று ஒதுக்கிய பகுதியில் அவளுடைய அசைவின் பெரும்பகுதி அடங்கிவிட்டது. மற்றவர்களுக்குத் தீர்வாக இருப்பது அவளுக்குத் தடையாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தபோது உதிரிபாகத்தைத் தேடியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

மூன்று இடங்களில் தேடினோம்

முதலில் எங்கள் ஊருக்கு அருகில் உள்ள நகரத்தின் உதிரிபாகக் கடை. “ஜாய்ஸ்டிக் பாட் வேணும் ஐயா” என்றேன். கடைக்காரர் பெரியவர். “எத்தனை கே? லீனியரா, லாகாம்மா?” என்று கேட்டார். விழித்தேன். அவரே ஒரு வால்யூம் கன்ட்ரோலை எடுத்துக் காட்டி விளக்கினார். அதன் மேல் ‘பி 103’ என்று இருந்தது. 103 என்றால் 10 க்குப் பின் மூன்று சுழிகள்: 10,000 ஓம், அதாவது 10 கிலோ ஓம். ‘பி’ என்றால் திருப்பும் அளவுக்கு ஏற்பச் சீராக மாறுவது. ‘ஏ’ என்றால் காதின் கேட்கும் தன்மைக்கு ஏற்ப மடக்கை முறையில் மாறுவது. ஒலிக்குப் பொருந்தும், குச்சிக்குப் பொருந்தாது. எங்களுக்கு வேண்டியது சீராக மாறும் 10 கிலோ ஓம். ஆனால் அவரிடம் இருந்தவை எல்லாம் வானொலி அளவுக்குப் பெரியவை. “இது சென்னையில கிடைக்கும், இல்லேன்னா ஆன்லைன்” என்றார். பாகம் கிடைக்கவில்லை, எதைக் கேட்க வேண்டும் என்ற தெளிவு கிடைத்தது.

இரண்டாவது இணையம். படத்தைப் பார்த்து ஒன்றை வரவழைத்தேன். அதே உலோகச் சட்டம், அதே குச்சி, அதே 10 கிலோ ஓம். பலகையின் மேல் வைத்துப் பார்த்தால் கால்கள் துளைகளில் இறங்கவில்லை. தவறு என்னுடையது. கால்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து ஒப்பிடாமல் படத்தை மட்டும் நம்பினேன். மின் அளவு சரியாக இருந்தால் போதாது. உடல் அளவும் சரியாக இருக்க வேண்டும் என்பதை அந்த வீண் செலவு கற்றுக்கொடுத்தது. அந்தப் பாகத்தை வீசவில்லை. அது இப்போது பத்தாம் வகுப்பில் மாறு மின்தடையைக் காட்டும் மாதிரி.

மூன்றாவது சென்னை ரிச்சி தெரு. டி.பி.ஐ. வளாகத்தில் ஒரு பயிற்சிக்குச் சென்றிருந்தேன். மாலையில் பயிற்சி முடிந்ததும் அண்ணா சாலைக்குப் பக்கத்தில் உள்ள அந்தத் தெருவுக்குப் போனேன். இம்முறை கையில் வெறும் படம் இல்லை. மாணவர்கள் அளவுகோல் பக்கத்தில் வைத்து எடுத்த படம், கால்களின் எண்ணிக்கை, கால்களுக்கு இடையே உள்ள தூரம், சட்டத்தின் நீள அகலம், குச்சியின் உயரம், மின்தடை என்று எல்லாம் ஒரு தாளில் எழுதியிருந்தோம். நான்காவது கடையில் இருந்த இளைஞர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “இப்படி எழுதிட்டு வந்தா எங்களுக்கும் ஈசி மேடம்” என்று ஒரு டப்பாவைத் திறந்தார். அளவுகோலை வைத்து ஒப்பிட்டேன். பொருந்தியது. இரண்டு வாங்கினேன்.

அவர் வேறொரு வகையையும் காட்டினார். அதில் கார்பன் தடமே இல்லை. குச்சியின் அடியில் சிறு காந்தம். எதிரில் காந்தப்புலத்தை உணரும் உணரி. எட்வின் ஹால் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1879 இல் கண்டறிந்த ஹால் விளைவின் அடிப்படையில் இயங்குவது. தொடுதலும் தேய்மானமும் இல்லை. 1998 இல் வெளிவந்த சேகா டிரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே இந்த முறை இருந்தது. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் உங்கள் பலகைக்கு ஒத்துவரும் என்று உறுதி சொல்ல முடியாது என்று அவரே நேர்மையாகச் சொன்னார். ஒரு முறை சூடு பட்டிருந்ததால் நான் துணியவில்லை.

பதினான்கா, மூன்றா?

புதிய பாகத்தோடு பள்ளிக்கு வந்தேன். பழைய சட்டத்தை எடுக்க வேண்டுமானால் எத்தனை இடத்தில் பற்றை நீக்க வேண்டும் என்று எண்ணினோம். இரண்டு மாறு மின்தடைகளுக்கு ஆறு, அழுத்துப் பொத்தானுக்கு நான்கு, சட்டத்தின் கால்களுக்கு நான்கு. மொத்தம் பதினான்கு. ஒன்றில் சூடு அதிகமானாலும் பலகையில் உள்ள செப்புத் தடம் உரிந்துவிடும்.

அதற்குமுன் புதிய பாகத்தின் குச்சியை மாணவியிடம் கொடுத்துத் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். “கெட்டியா இருக்கு டீச்சர்” என்றாள். புதிய சுருள்வில் விறைப்பாக இருந்தது. மூன்று மாதம் அவள் கைக்குப் பழகியிருந்த பழைய வில்தான் அவளுக்கு இலகு. என் தாளில் எல்லா அளவும் இருந்தது. அவள் விரலின் வலிமை மட்டும் இல்லை. பயன்படுத்தப் போகிறவரிடம் கேட்காமல் பாகம் தேடிய என் அவசரத்தை நினைத்து வெட்கமாக இருந்தது.

அப்போது ஒரு மாணவன் வீணாகிப்போன அந்த முதல் பாகத்தைக் கையில் வைத்து நோண்டிக்கொண்டிருந்தான். “டீச்சர், இந்தப் பக்கத்துப் பெட்டி மட்டும் தனியா கழலுது” என்றான். உண்மைதான். பக்கவாட்டுப் பெட்டி சட்டத்தில் கொக்கியால்தான் மாட்டப்பட்டிருந்தது. எங்களுக்குப் பழுதானது இட-வல அசைவுக்கான ஒரு பெட்டி மட்டுமே. அதை மட்டும் மாற்றினால் பற்று நீக்க வேண்டியவை மூன்றே கால்கள். பழைய சட்டமும் பழைய வில்லும் அப்படியே இருக்கும்.

பற்றவைக்கும் வேலையை நானே செய்தேன். மாணவர்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். அதற்குமுன் காயலான் கடையில் வாங்கிய பழைய பலகைகளில் ஒரு வாரம் பழகினேன். ஓர் உத்தி பெரிதும் உதவியது. இக்காலச் சாதனங்களில் பெரும்பாலும் காரீயம் இல்லாத பற்று இருக்கும். வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலந்த அந்த வகை சுமார் 217 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே உருகும். பழைய பற்றின் மேல் இதில் சிறிது சேர்த்தால் உருகுநிலை குறைந்து, செப்புப் பின்னல் பட்டையால் எளிதாக உறிஞ்சி எடுத்துவிடலாம். கலப்பு உலோகத்தின் உருகுநிலை குறையும் என்று வேதியியலில் சொல்லிக்கொடுத்ததைக் கண்ணெதிரே கண்டோம்.

புதிய பெட்டியை மாட்டி அளந்தோம். நடுக்காலிலிருந்து ஒரு பக்கம் 5.0, மறுபக்கம் 5.1. கம்பியைச் செருகினோம். எண் 127 இல் நின்றது. செயலற்ற எல்லையைப் பழையபடி குறைத்தோம்.

மாணவி வந்து அமர்ந்தாள். கையை எடுத்துவிட்டு அம்புக்குறியையே சிறிது நேரம் பார்த்தாள். நகரவில்லை. பிறகு கட்டைவிரலை வைத்தாள்; அன்று விட்ட வினாடி வினாவைத் திறந்தாள். பத்து வினாக்களில் எட்டு சரி. “ரெண்டு தப்பு என்னோடது டீச்சர், அதோடது இல்ல” என்று சிரித்தாள்.

நீங்களும் முயல விரும்பினால்

1. பாகத்தின் பெயரைக் கண்டுபிடிப்பதற்கு முன் அதன் வேலையைக் கண்டுபிடியுங்கள். எது இயங்கவில்லை, எந்தத் திசையில், எப்போது என்று எழுதுங்கள்.

2. நன்றாக இயங்கும் அதே வகைப் பாகத்தோடு ஒப்பிட்டு அளவுங்கள்.

3. மின் அளவு, உடல் அளவு, கால்களின் எண்ணிக்கை, இடைவெளி, மேலே அச்சிட்ட குறியீடு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கடைக்குக் கொண்டுபோங்கள். முடிந்தால் பழைய பாகத்தையே கொண்டுபோங்கள்.

4. குறியீட்டைப் படிக்கப் பழகுங்கள். மின்தடையில் 103 என்றால் 10,000 ஓம். சிறு மின்தேக்கிகளில் 104 என்றால் 1,00,000 பிக்கோ ஃபாரட், அதாவது 0.1 மைக்ரோ ஃபாரட்.

5. முழுத் தொகுப்பை மாற்றும் முன், பழுதான சிறு பகுதியை மட்டும் மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

6. பயன்படுத்தப் போகும் பிள்ளையிடம் முதலில் கேளுங்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பியில்லாக் கன்ட்ரோலர்களில் லித்தியம் மின்கலம் இருக்கும். உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ கூடாது. அதை மாணவர்கள் தொடவே கூடாது. பற்றவைக்கும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும். கண்ணாடி அணிய வேண்டும். காரீயம் கலந்த பற்றைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் உண்ணக் கூடாது. பழுதான பாகங்களைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்னணுக் கழிவாகத் தனியே சேர்க்க வேண்டும். நம் நாட்டில் இதற்கென 2022 இல் வெளியிடப்பட்ட விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன.

ஒரு சிறு பெட்டி

எங்கள் ஆய்வகத்தில் இப்போது ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. அதில் மீதமுள்ள உதிரிபாகங்களும், அளவுகள் எழுதிய அந்தத் தாளும் உள்ளன. மேல்-கீழ் அசைவுக்கான பெட்டியும் ஒருநாள் தேயத்தான் போகிறது. அன்று நான் வேறு பள்ளிக்கு மாறுதலாகிப் போயிருக்கலாம். ஆனால் எதை அளக்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று அந்தத் தாள் சொல்லும். அதன் கடைசி வரியை மாணவர்கள் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள்: “வில் இலகுவாக இருக்க வேண்டும். அவளிடம் கேட்கவும்.”

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, எல்லாப் பிள்ளைகளுடனும் சேர்ந்து கற்பதை மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் உரிமையாக்கியிருக்கிறது. அந்த உரிமை சில நாள் ஒரு மூன்று கால் மின்தடையில் தடைப்பட்டு நிற்கும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதும் நம் பாடவேளைக்குள் அடங்கும் வேலைதான் என்று இப்போது எண்ணுகிறேன்.